கப்பல் திரும்பி வரும் கதைகள்

தக்கலையிலிருந்து, கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள்: "சார், எனக்கு விண்வெளிச் சாகசக் கதை என்றால் உயிர். ஒரு கப்பல், நாலு பேர், கொள்ளைக்காரர்கள், தெரியாத கிரகம், துரத்தல், தப்பித்தல் என்று ஒரே ராத்திரியில் படித்து முடிக்கிற லேசான கதைகள். ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற வேலையில் இருக்கும் என் அண்ணன், 'இதில் அறிவியலும் இல்லை, இலக்கியமும் இல்லை, வெறும் குப்பை' என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது?"

மகளே, முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கதைகளை அதைவிட அதிக வருஷமாகப் படிக்கிறேன். அண்ணன் சொல்லும் அறிவியல் பிழைகள் எல்லாம் உண்மைதான், அதற்குப் பின்னால் வருகிறேன். உன் கேள்விக்கு நேரான பதில் இது: யாராலும் எட்ட முடியாத தூரத்துக்கு இந்தக் கதை நம்மைக் கூட்டிக்கொண்டு போகும், பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவந்து விடும். இந்த இரண்டையும் சேர்த்து உறுதி சொல்கிற கதைகள் அதிகம் இல்லை. நூறு வருஷமாக ஆட்கள் இதை விடாமல் படிப்பது அதனால்தான் என்பது என் எண்ணம்.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து விளங்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் விளங்கியது.

எங்களுக்குத் தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர். சித்தப்பா விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது படகை நடத்துகிற தலைவர். எங்கள் பகுதி ஆட்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். ஒருமுறை தங்கலுக்குப் போனால் முப்பது நாள், சில சமயம் நாற்பது நாள் ஆகும். டீசல், ஐஸ், அரிசி, குடிதண்ணீர், ஆயிரங்கால் தூண்டில், பத்துப் பன்னிரண்டு ஆட்கள், எல்லாம் அந்தச் சின்னப் படகுக்குள். அவர் வந்து சேர்ந்தால் முதலில் குளிப்பார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம் திண்ணைக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு, "கேளுங்க மக்களே" என்று தொடங்குவார்.

ஒரு தடவை நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனது. பம்பில் ஒரு வாஷர் பிய்ந்துவிட்டது. மாற்று வாஷர் இல்லை, கரை இரண்டு நாள் தூரம், மேற்கே மழை கட்டி நிற்கிறது. சித்தப்பா தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, மீன் வெட்டும் கத்தியால் அதன் அடியில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு மாட்டினார். முதல் வட்டம் பெரிதாகப் போயிற்று, இரண்டாவது கிழிந்தது, மூன்றாவது உட்கார்ந்தது. இதைச் சொல்லும்போது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அந்த வட்டத்தின் அளவைக் காட்டுவார். இந்தக் கதையை நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன். மூன்றாவது வட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், பிழைத்து வந்துவிட்டார் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூச்சு நின்றது.

கல்லூரி நாளில் திருவனந்தபுரம் பாளையத்துப் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில விண்வெளிக் கதையை முதன்முதலாக வாங்கினேன். அட்டையில் சிவந்த வானமும் இரண்டு நிலாவும். உள்ளே ஒரு கிழட்டுக் கப்பல், கழுத்துவரை கடனில் மூழ்கிய கேப்டன், சொன்ன பேச்சைக் கேட்காத இன்ஜின், வாங்கியிருக்கக் கூடாத சரக்கு. நாலாவது பக்கத்தில் எரிபொருள் குழாய் உடைகிறது. கேப்டன் தன் பூட்ஸின் தோலை வெட்டி அதை அடைக்கிறார். பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்த இடத்தைப் படித்ததும் எனக்கு ரப்பர் செருப்பின் வாசமே வந்துவிட்டது. எழுதியவர் அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர்க்காரர். கதை என் சித்தப்பாவுடையது.

இந்தக் கதைகளின் கப்பல், துறைமுகம், மாலுமி, கள்ளக்கடத்தல், கொள்ளைக்காரன் எல்லாம் கடல் கதையிலிருந்து எடுத்துப்போனவை. பூமியின் கடல்களுக்கு முழு வரைபடம் வந்தபிறகு, "அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ" என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று. கதை சொல்கிறவர்கள் அந்தக் கடலை அப்படியே தூக்கி வானத்தில் வைத்தார்கள்.

அது எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் மரக்கூழில் செய்த மட்டமான காகிதத்தில் கதைப் பத்திரிகைகள் வரத் தொடங்கின. கூழுக்கு ஆங்கிலத்தில் பல்ப் என்று பெயர். காகிதத்தின் பெயரே அந்தக் கதைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அறிவியல் கதைகளுக்கென்றே 'அமேசிங் ஸ்டோரீஸ்' பத்திரிகையைத் தொடங்கினார். 1928ல் அதில் ஒரு தொடர் வந்தது: சொந்தமாகக் கப்பல் கட்டி, சூரியக் குடும்பத்தையே தாண்டிப் போகிற கதை. எழுதிய ஈ. ஈ. ஸ்மித் உணவுத் தொழிலில் வேலை பார்த்த வேதியியலாளர், டோநட் மாவுக் கலவை செய்வது அவருடைய பிழைப்பு. காதல் காட்சி எழுத வராது என்று, நண்பரின் மனைவி லீ ஹாக்கின்ஸ் கார்பியிடம் அந்தப் பகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பகலில் மாவு, ராத்திரியில் நட்சத்திர மண்டலம் என்று வாழ்ந்தவர். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

அந்தப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு சென்ட் கொடுத்தன, சில அரை சென்ட். மாதம் முழுக்க எழுதினால்தான் வீட்டு வாடகை. அந்த அவசரத்தில் எழுதிய பல கதைகள் மோசம்தான். ஆனால் அதே அவசரம் ஒரு நல்ல பழக்கத்தையும் உண்டாக்கியது. இரண்டாவது பக்கத்துக்குள் வாசகனைப் பிடிக்காவிட்டால் அவன் அடுத்த கதைக்குப் போய்விடுவான், அடுத்த மாதம் வேறு பத்திரிகை வாங்குவான். அதனால் பீடிகை போட்டுக்கொண்டு நிற்க அவர்களுக்கு நேரமில்லை.

1941ல் வில்சன் டக்கர் என்ற ரசிகர் இந்த வகைக்கு 'ஸ்பேஸ் ஓபரா' என்று பெயர் வைத்தார். சோப்புக் கம்பெனிகள் காசு கொடுத்து நடத்திய வானொலித் தொடர்களுக்கு அங்கே 'சோப் ஓபரா' என்று பெயர். அதைப் பார்த்து வைத்த பெயர் இது. அரைத்த மாவையே அரைக்கிற விண்வெளிக் கதை என்று திட்டுவதற்காக வைத்தார். உன் அண்ணன் சொன்னதை அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். திட்டு மறந்துபோய், பெயர் மட்டும் மரியாதையாக நிலைத்துவிட்டது.

இனி அறிவியலுக்கு வருவோம்.

அண்ணன் பக்கத்தில் நின்று நானே குற்றப்பத்திரிகை வாசிக்கிறேன். வெற்றிடத்தில் சத்தம் கேட்காது, இந்தக் கதைகளில் வெடிச்சத்தம் காதைப் பிளக்கும். செவ்வாய்க்கு ஒரு வார்த்தை போய்ச்சேரவே, அது நமக்குக் கிட்டே இருந்தால் 3 நிமிஷம், தள்ளி இருந்தால் 22 நிமிஷம் ஆகும். கதையில் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி பேசுவார்கள். சிறுகோள் பட்டையில் ஒரு பெரிய பாறைக்கும் அடுத்ததற்கும் நடுவே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெறுமை. கதையில் கப்பல் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டுகிற பைக் மாதிரி வளைந்து வளைந்து போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய பொய் தூரம். 1977ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. மிகப் பக்கத்து நட்சத்திரக் கூட்டமான ஆல்ஃபா சென்டாரி சுமார் 4.3 ஒளியாண்டுத் தூரம். அந்த வேகத்தில் அங்கே போய்ச்சேர எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். கதையில் காபி ஆறுவதற்குள் போய்விடுவார்கள்.

வகுப்பில் இதையெல்லாம் நான் கணக்காகவே கொடுப்பேன். கதையில் பிழை கண்டுபிடி, எவ்வளவு பிழை என்று எண்ணில் சொல் என்பேன். பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு செய்வார்கள். எந்தப் பாடத்திலும் தலை தூக்காத ஒருவன், கேப்டனின் குரல் திரும்பி வர எத்தனை நிமிஷம் ஆகியிருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒளியின் வேகத்தை மனப்பாடம் செய்தான். ஆனாலும் "அறிவியல் கற்றுத்தரும், அதனால் நல்லது" என்று சொல்லி இந்தக் கதைகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது உண்மையான காரணம் இல்லை. இன்னொரு உதாரணம் காட்டுகிறேன்.

1877ல் இத்தாலி வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னார். பின்னால் அமெரிக்காவின் பெர்சிவல் லோவெல், அவை தண்ணீர் வற்றிப்போன கிரகவாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்றே நம்பினார். அதை வைத்து எத்தனையோ கதைகள். அவற்றில் லீ பிராக்கெட் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதியவை எனக்கு மிகப் பிடித்தவை. 'பிளானட் ஸ்டோரீஸ்' என்று 1939லிருந்து 1955வரை வந்த பத்திரிகையில் நிறைய எழுதினார். அவருடைய செவ்வாயில் கால்வாய்கள் வறண்டு கிடக்கும், பழைய நகரங்களில் மணல் ஏறும், அங்கே பிழைக்கப் போன ஒரு முரட்டு மனுஷன் தான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்ய ஒத்துக்கொள்வான். 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து படம் எடுத்து அனுப்பியது. கால்வாயும் இல்லை, நகரமும் இல்லை, பள்ளம் விழுந்த வெறும் தரை. ஒரே வாரத்தில் அந்தச் செவ்வாய் முழுக்க இல்லாமல் போய்விட்டது. ஆனால் பிராக்கெட்டின் கதைகள் இன்றும் புதிதாக அச்சாகின்றன. 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாவது படத்துக்கு முதல் திரைக்கதை வடிவத்தை எழுதியதும் அவர்தான். எழுதிக் கொடுத்துவிட்டு 1978ல் இறந்துபோனார்.

அறிவியலுக்காகப் படித்திருந்தால் 1965க்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருக்கக் கூடாது, இல்லையா? ஜனங்கள் படித்தது அந்த மணலுக்காக, அந்த மனுஷன் கடைசியில் என்ன செய்வான் என்பதற்காக.

அண்ணனிடம் இன்னொன்றும் சொல், மரியாதையாகவே சொல். அவர் செய்யும் வேலையின் காலக்கணக்கு வேறு. கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுகிற கிரையோஜெனிக் இன்ஜின் திட்டம் 1994ல் தொடங்கியது. நாமே செய்த அந்த இன்ஜின் முதல்முறை வெற்றியாகப் பறந்தது 2014 ஜனவரியில். இருபது வருஷம். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு வால்வு சரியில்லை என்றால் வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள். விண்வெளி என்றால் அவருக்குப் பொறுமை. அதனால் கேப்டன் ஒரு உதை விட்டதும் கப்பல் கிளம்புகிறதைப் படித்தால் அவருக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த இருபது வருஷப் பொறுமைக்கு ஒரு ஆசை முதலில் வேண்டும். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர்களாக வந்த மாதவன் நாயர், சிவன், நாராயணன் மூன்று பேரும் நம்முடைய இந்தச் சின்னக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர்கள். அவர்கள் என்ன படித்து வளர்ந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே வானம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது என்கிறேன்.

எங்கள் அப்பா அதைக் கண்ணால் பார்த்தவர். 1963 நவம்பர் 21, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய நாள். மேல் வானத்துக் காற்றை அளப்பதற்காக அது சோடியம் ஆவியைக் கக்கிக்கொண்டு போனது. அந்தி மங்கிய நேரம். கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வடமேற்கே செம்மஞ்சளாக ஒரு மேகம் எழும்புவதைப் பார்த்தார்களாம். என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. சிலர் முழங்கால் போட்டு ஜெபம் சொன்னார்களாம். அப்பா அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாராம். சாகும்வரை அந்த நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், பழுத்த செவ்வாழைத் தோலை வெயிலில் பிடித்த மாதிரி என்று. நல்ல விண்வெளிக் கதையின் அட்டைப்படம் அதைத்தான் செய்கிறது. என்னவென்று தெரியாமலேயே பார்த்துக்கொண்டு நிற்க வைக்கிறது.

சரி, 'லேசான' கதை என்று சொன்னாயே, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். லேசாக எழுதுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். ஒரு கதை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்:

"எரிபொருள் ஆறு மணி நேரத்துக்கு இருந்தது. பக்கத்துத் துறைமுகம் ஒன்பது மணி நேரத் தூரம். சமையற்காரன், தான் உண்மையில் யார் என்று சொல்ல அந்த நேரம் பார்த்துத்தான் வாயைத் திறந்தான்."

இது நான் இப்போது எழுதியது, நூற்றுக்கணக்கான கதைகளின் சாயல் இதில் இருக்கிறது. மூன்று வாக்கியம்தான். கணக்கு இடிக்கிறது, அதனால் யாரோ ஏதோ செய்தாக வேண்டும். கப்பலில் ஒரு சமையற்காரன் இருக்கிறான், ஆக நாலைந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் மாதிரி. இத்தனை நாள் கூடவே சாப்பிட்டவன் வேறு ஆள். நீ ஏற்கெனவே பக்கத்தைத் திருப்பிவிட்டாய். இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. பஸ்ஸில் போகிறவன் டிரைவரிடம் கியர் பெட்டியைப் பற்றியா கேட்கிறான்?

ஆனால் ஒன்று. ஆறு மணி நேரம் என்று சொல்லிவிட்டால் அது ஆறு மணி நேரமாகவே இருக்க வேண்டும். இயற்கையின் விதியை மீறலாம், தான் சொன்ன விதியை மீறக் கூடாது. எட்டாவது மணியில் மூலையில் ஒரு பழைய டாங்க் கிடைத்தது என்று எழுதினால் அது மோசடி. மட்டமான கதையையும் நல்ல கதையையும் நான் பிரிப்பது இங்கேதான். உன் அண்ணன் 'குப்பை' என்று சொல்லும்போது இந்த இடத்தைக் கைகாட்டிச் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். மூலையில் டாங்க் கிடைக்கிற கதைகள் ஏராளமாக உண்டு. அவற்றைப் பாதியில் மூடி வைத்துவிடு, பாவமில்லை.

இன்னொரு புகார், முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது என்பது. நாஞ்சில்நாட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது கோவில் கொடைகளுக்குப் போயிருக்கிறேன். வில்லுப்பாட்டு நடக்கும். அந்த ஊர் ஆள் ஒவ்வொருவருக்கும் அந்தத் தெய்வத்தின் கதை தலைகீழாகத் தெரியும், பாட்டிமார் புலவருக்கு முன்னாலேயே அடுத்த வரியை முணுமுணுப்பார்கள். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தில் அடி விழுந்து வேகம் கூடும்போது ஒருவர்கூட எழுந்து போவதில்லை. புலவர் வீசுகோலை ஒரு கணம் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், கூட்டம் முழுக்க மூச்சு விடாது. முடிவு தெரிந்திருப்பதால்தான் மனசு நிம்மதியாகப் பயப்படுகிறது. என் சித்தப்பா எதிரில் உட்கார்ந்திருந்தும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல.

இதைச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. எங்கள் கடற்கரையில் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு ஊரிலும் படகு திரும்பாத வீடுகள் இருந்தன. அடுத்த ஜனவரியில் என் வகுப்புக்கு வந்த ஒரு பையனுடைய தகப்பன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவன் பேசுவதையே விட்டிருந்தான். நான் என் அலமாரியிலிருந்து சித்திரக்கதைகளும் கதைப்புத்தகங்களும் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தான். மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான், "சார், கப்பல் திரும்பி வர்ற கதை மட்டும் போதும்."

நான் உட்கார்ந்து பிரித்தேன். பெரிய எழுத்தாளர்களுடைய, விருது வாங்கிய, ஆழமான விண்வெளிக் கதைகள் பலவற்றில் கப்பல் திரும்புவதில்லை. அவை நல்ல கதைகள்தான், வேறொரு நாளில் அவனும் படிப்பான். அன்றைக்கு அவனுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தவை நீ படிக்கிற இந்த லேசான கதைகள்தான். எரிபொருள் தீரும், கப்பல் ஓட்டையாகும், எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள், கடைசியில் வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கேட்கும், "வந்துகொண்டிருக்கிறோம்" என்று. அந்த வருஷம் முழுக்க அவன் அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்தான். அப்பா திரும்பி வருவார் என்று நம்பிப் படிக்கவில்லை, அவனுக்கு எல்லாம் தெரியும். திரும்பி வருகிற கப்பல் எங்கேயாவது ஒன்று இருக்க வேண்டும் என்பதற்காகப் படித்தான். அவற்றைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குறையே இல்லையா என்றால், உண்டு. பழைய கதைகளில் பெண்ணுக்குப் பெரும்பாலும் அலறுகிற வேலைதான். வேற்றுக்கிரகத்து ஆட்கள் ஒரு கூட்டமாகவே கெட்டவர்கள். வெள்ளைக்காரக் கேப்டன் கொடி நட்டதும் அந்தக் கிரகம் அவனுக்குச் சொந்தம். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த இடம் உறுத்தத்தான் வேண்டும். கப்பலில் வந்து இறங்கியவர்களைக் கரையில் நின்று பார்த்தவர்கள் நாம். 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள், மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை முறியடித்தது. பிடிபட்ட தளபதி டிலனாய், பின்னால் அதே திருவிதாங்கூர் படையைப் பயிற்றுவித்து அதற்கே தளபதியாகி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கினார். உன் ஊர்ப் பக்கத்திலேயே, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் எழுதியிருக்கும். பஸ்ஸில் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பாய்! தூரத்திலிருந்து கப்பலில் வந்த எதிரி, தோற்று, சிறைப்பட்டு, சிறைப்பிடித்தவனுக்கே படைத்தலைவனாகி, அந்த மண்ணிலேயே அடக்கமாகிறான். இதைவிட நல்ல விண்வெளிக் கதைக்கரு யாரிடம் இருக்கிறது? இதை இறங்கியவன் பக்கத்திலிருந்தும் எழுதலாம், கரையில் வள்ளத்தோடு நின்றவன் பக்கத்திலிருந்தும் எழுதலாம். நான் கரையிலிருந்து எழுதியதைப் படிக்கத்தான் காத்திருக்கிறேன்.

தமிழில் இது ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்கு நீண்டநாள் ஆதங்கம். சித்திரக்கதை வழியாகக் கொஞ்சம் வந்தது. பிளாஷ் கார்டன் என்ற விண்வெளி வீரன் தமிழ் பேசினான், 1972ல் தொடங்கிய முத்து காமிக்ஸ் எங்கள் ஊர் வாசகசாலைவரை வந்து சேர்ந்தது. சுஜாதா, அறிவியலும் லேசான நடையும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியும் என்று காட்டினார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கிய மாத நாவல்கள் துப்பறிவதற்கும் குடும்பச் சண்டைக்கும் போய்விட்டன. ஜெர்மனியில் 1961ல் தொடங்கிய 'பெரி ரோடான்' என்ற விண்வெளித் தொடர் வாராவாரம் சின்னப் புத்தகமாக வந்துகொண்டே இருக்கிறது, 2019ல் 3000வது இதழைத் தாண்டிவிட்டது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒன்று மாதாமாதம் கிடைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் குறைவு. நம்மிடம் வாசகர்கள் இருந்தார்கள், வேகமாக எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், மலிவான காகிதம் இருந்தது. கடல் தாண்டிப் போய் வந்தவர்கள் ஒவ்வொரு கடற்கரையிலும் இருக்கிறார்கள். எழுதினால் நிற்கும்.

அண்ணனைச் சண்டைக்கு இழுக்காதே. ஒரு நல்ல சின்னக் கதையாகப் பார்த்து, சொன்ன விதியை மீறாத கதையாகப் பார்த்து, அவர் வேலை முடிந்து வந்து படுக்கும் நேரத்தில் தலைமாட்டில் வைத்துவிடு. படிக்கச் சொல்லாதே.

மே மாதம் பாதியில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, அவரையும் கூட்டிக்கொண்டு முட்டம் கடற்கரைக்குப் போ. ராத்திரி பதினொரு மணிக்கு, கலங்கரை விளக்கின் வெளிச்சம் முகத்தில் படாத இடமாக நின்று தெற்கே பார். கடலுக்கு மேலே, கையை நீட்டி முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடவை வைத்தால் வரும் உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். அவற்றுக்கு வலப்பக்கம் நாலு நட்சத்திரம் குருசு மாதிரி சாய்ந்திருக்கும். இரண்டில் இடப்பக்கம் இருப்பது, கொஞ்சம் மஞ்சளாக, அதிகப் பிரகாசமாக இருப்பது, ஆல்ஃபா சென்டாரி. டெல்லிக்காரர்களுக்கு அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், கண்ணில் படுவதே கஷ்டம். நமக்கு நன்றாக எழும்பி நிற்கும். விண்வெளிக் கதைகளில் பாதிக் கப்பல்கள் முதலில் கிளம்பிப் போவது அங்கேதான். அதற்குக் கீழே பார்த்தால், கடலில் இரண்டு மூன்று விளக்குகள் அசையாமல் நிற்பது தெரியும். அவை நட்சத்திரங்கள் இல்லை, தங்கலுக்குப் போன படகுகள்.